ஷாங்க்ஸ் மனதில் என்ன இருக்கிறது? தியரி கட்டும் முறை

‘வன் பீஸ்’ என்ற ஜப்பானியக் கடற்கொள்ளையர் கதையில் வரும் ஷாங்க்ஸ் என்ற கப்பல் தலைவர் வாய் திறந்து காரணம் சொல்லமாட்டார். வாள் வீசினால் வானம் பிளக்கும். எந்தப் பக்கம் நிற்கிறார் என்று அவருடைய ஆட்களைத் தவிர யாருக்கும் தெரியாது. இப்படி ஒரு பாத்திரம் அனிமேயில் வந்துவிட்டால் அடுத்த நாளே ஆளுக்கொரு தியரி வரும். அவற்றில் கன பேர் சொல்வது வெறும் ஊகம். ஊகத்தைத் தியரியாக்க உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். அந்த வேலையை எப்படிச் செய்வது என்றுதான் எழுதுகிறேன். நான் வெள்ளவத்தையில் உயர்தரப் பிள்ளைகளுக்கு அளவையியல் படிப்பிக்கிறேன். பகலில் பலகையில் எழுதும் கருதுகோளும் சான்றும் பொய்ப்பித்தலும்தான் ஞாயிறு இரவு வன் பீஸ் வாசிக்கும்போதும் எனக்குக் கை கொடுக்கின்றன.

முதலில் ஒரு சி.ஆர். கொப்பி எடுங்கள். பக்கத்தை மூன்று நிரலாகப் பிரியுங்கள். முதல் நிரலில் அந்தப் பாத்திரம் செய்தது. நடு நிரலில், செய்ய முடிந்தும் செய்யாமல் விட்டது. மூன்றாவதில் எந்த அத்தியாயம், அதை நமக்குச் சொன்னது யார் என்ற விபரம். இந்த மூன்றில் நடு நிரலுக்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். பலமில்லாதவன் ஒன்றைச் செய்யாமல் விட்டால் ஏலாமல் விட்டான் என்று முடித்துவிடலாம். எல்லாம் முடிந்தவன் செய்யாமல் விட்டால் அது அவன் எடுத்த முடிவு, அதற்கு ஒரு காரணம் இருந்தே ஆகவேண்டும். மறைத்து வைத்த நோக்கம் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

முடிந்த கதையில் கையைப் பழக்கிக்கொண்டு பிறகு ஓடிக்கொண்டிருக்கும் கதைக்குப் போங்கள். பழகுவதற்கு, தன் குலத்தையே கொன்ற துரோகி என்று பெயரெடுத்த நிஞ்சா இட்டாச்சியை விட நல்ல ஆள் எனக்குத் தெரியவில்லை. அவர் வரும் நருட்டோ மங்கா (ஜப்பானியப் படக்கதை) 1999 இல் தொடங்கி 2014 இல் 700 அத்தியாயங்களோடு முடிந்தது. விடை கையில் இருப்பதால், துப்பு எங்கே வைக்கப்பட்டது என்று திரும்பிப் போய்ப் பார்க்கலாம்.

140 ஆம் அத்தியாயத்தை ஒட்டி இட்டாச்சி கூட்டாளி கிசாமேயோடு தன் பழைய ஊரான கொனோஹாவுக்குள் வரும் இடத்தை எடுங்கள். ஊர்த்தலைவரான மூன்றாம் ஹொக்காகே இறந்து அதிக நாளாகவில்லை. கதாநாயகன் நருட்டோவைப் பிடிக்க வந்தோம் என்கிறார்கள். நருட்டோவின் ஆசிரியர் ககாஷியை இட்டாச்சி ட்சுகுயோமி என்ற கண் மாயையில் வீழ்த்துகிறார், கொல்லவில்லை. ஊரின் பெரிய வீரர் ஜிராய்யா வந்ததும் நருட்டோவை விட்டுவிட்டுப் போகிறார். தம்பி சஸ்கேயை அடித்து நொறுக்குகிறார், உயிரை எடுக்கவில்லை. நடு நிரலில் ஒரே வருகைக்கு மூன்று வரி விழுகிறது. கதை அதற்கு ஒரு சாக்கும் தருகிறது: கண்ணின் சக்தியைக் கூடப் பாவித்துவிட்டார், ஓய்வு வேண்டும். அவசரமாக வாசிப்பவர் அதை ஏற்றுக்கொண்டு பக்கத்தைப் புரட்டிவிடுவார். நீங்கள் அங்கே நின்று கேளுங்கள்: ஏன் இந்த நேரம்? சஸ்கேயைக் காப்பதாக இட்டாச்சிக்கு வாக்குக் கொடுத்தவர் மூன்றாம் ஹொக்காகே. அவர் போய்விட்டார். நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன், தம்பியின் மேல் கை வைக்காதீர்கள் என்று ஊரின் அதிகாரத்தில் இருந்த டான்ஸோவுக்கும் மூத்தோருக்கும் காட்டத்தான் அந்த வருகை. இது நமக்குத் தெரியவருவது 400 ஆம் அத்தியாயத்தை ஒட்டி. இடையில் இருநூற்றைம்பதுக்கு மேல் அத்தியாயங்கள் இருந்தாலும், வருகையின் நேரம் என்ற துப்பு முதல் நாளிலிருந்தே பக்கத்தில் கிடந்தது.

மூன்றாவது நிரல் எதற்கு என்பதும் இங்கேயே விளங்கும். ஊரின் கட்டளைக்காகவும் தம்பியைக் காக்கவும்தான் இட்டாச்சி குலத்தைக் கொன்றார் என்ற உண்மையைச் சஸ்கேக்கு முதலில் சொன்னது முகமூடி போட்ட ஒபிட்டோ. அந்தப் பெடியனைத் தன் பக்கம் இழுக்க வேண்டிய தேவை அவருக்கு இருந்தது. அப்படிப்பட்ட ஒருவர் சொல்வதைக் கேட்டவுடன் சான்றாக எழுதக்கூடாது. பென்சிலால் எழுதி வையுங்கள். பிறகு போரில் உயிர்ப்பிக்கப்பட்ட இட்டாச்சியே தன் நினைவுகளைச் சஸ்கேக்குக் காட்டும்போது பேனையால் எழுதுங்கள். யார் சொன்னார், சொன்னதால் அவருக்கு என்ன இலாபம் என்ற இரண்டு கேள்வியும் ஒவ்வொரு வரிக்கும் வேண்டும்.

மூலங்களுக்கும் ஒரு வரிசை உண்டு. மங்கா முதலில். அனிமே சேர்த்த காட்சிகள் அதற்குப் பின்னால். படங்களைப் பென்சிலில் வையுங்கள், ஆனால் தூக்கி எறியவேண்டாம். 2022 இல் வந்த ‘வன் பீஸ் ஃபில்ம் ரெட்’ ஷாங்க்ஸின் பிறப்பையும் ஃபிகார்லாண்ட் என்ற குடும்பப் பெயரையும் தொட்டுப்போனது. படம்தானே என்று பலர் ஒதுக்கினார்கள். 2025 இல் மங்காவிலேயே ஷாம்ராக் என்ற அதே குடும்பத்து இரட்டைச் சகோதரன் வந்து நின்றான். மங்காவை வாசிக்க மங்கா பிளஸ் செயலி போதும், தொடக்க அத்தியாயங்களும் ஆகப் புதியவையும் அதில் இலவசம். ஜப்பானில் திங்கள் நள்ளிரவு வெளியாவது நமக்கு ஞாயிறு இரவு 8.30. அதற்கு முன்னால் கசிந்து வரும் அரைகுறைப் படங்களை வைத்துத் தியரி கட்டாதீர்கள்.

இனி ஷாங்க்ஸ். வன் பீஸின் கதாநாயகன் லூஃபி, சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஷாங்க்ஸ் கொண்டுவந்த பெட்டியிலிருந்த கோமு கோமு பழத்தைச் சாப்பிட்டு, உடம்பு ரப்பர் போல நீளும் ஆளாகிறான். என் வகுப்பில் கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் ஒரு தம்பி இருக்கிறான். வகுப்பு முடிந்து காலி வீதியில் 100 ஆம் இலக்க பஸ்ஸுக்கு நிற்கும்போது, ரோல்ஸ் ஒன்றைக் கடித்தபடி சொன்னான்: “மிஸ், ஷாங்க்ஸ்தான் வில்லன். லூஃபி அந்தப் பழத்தைச் சாப்பிடணும்னு பிளான் பண்ணித்தான் அந்தப் பெட்டிய அங்க வச்சாரு.”

அவனுடைய சான்று மோசமில்லை. 2021 இல் 1017 ஆம் அத்தியாயம், அந்தக் கோமு கோமு பழம் உலக அரசின் கப்பலிலிருந்து ஷாங்க்ஸ் பறித்தது என்று சொல்கிறது. 2022 இல் 1044 ஆம் அத்தியாயம், அது சாதாரண ரப்பர் பழம் இல்லை, நிக்கா என்ற சூரியக் கடவுளின் பழம் என்று திறக்கிறது. அரசு காவல் காத்த பொருளை ஒருவர் பறித்துக்கொண்டு போய் ஒரு சின்னக் கிராமத்து மதுக்கடையில் வைத்திருந்தால் சந்தேகம் வரத்தானே செய்யும்.

“சரி தம்பி, முதல் அத்தியாயத்தை எடுங்க” என்றேன். 1997 இல் வந்த பக்கம். லூஃபி பழத்தைச் சாப்பிட்டுவிட்டான் என்று தெரிந்ததும் ஷாங்க்ஸ் என்ன செய்கிறார்? பிள்ளையின் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, துப்பு துப்பு என்று உலுக்குகிறார். முகம் முழுக்கப் பதற்றம். திட்டம் போட்டவர் திட்டம் பலித்த நொடியில் ஏன் அதைக் கெடுக்கப் பார்க்கவேண்டும்? நடிப்பு என்றால், யாருக்காக நடிப்பு? சுற்றி நிற்பது அவருடைய ஆட்களும் கடைக்காரி மக்கினோவும் ஒரு சின்னப் பிள்ளையும்தான். தம்பி யோசித்துவிட்டு, “அப்ப பழம் வேற யாருக்கோ வச்சிருந்திருப்பாரு மிஸ்” என்றான். முதல் சொன்னதை விட இது பல மடங்கு நல்ல தியரி. பறித்த செயலையும் விளக்குகிறது, பதறிய செயலையும் விளக்குகிறது. உங்கள் தியரிக்கு ஒத்துவராத ஒரு காட்சியை நீங்களே தேடிப்பிடித்து அதன் முன் கொண்டுபோய் நிறுத்துங்கள். மெய்யியலாளர் பொப்பர் விஞ்ஞானத்துக்குச் சொன்னது இங்கேயும் அப்படியே பொருந்தும்: எது நடந்தாலும் சரி என்று நிற்கும் கூற்று எதையும் சொல்லவில்லை.

அதனால் தியரியை ஒரு வசனத்தில் எழுதி, கீழே “இது நடந்தால் என் தியரி பிழை” என்று இன்னொரு வசனம் எழுதுங்கள். திகதியும் போடுங்கள். அந்த இரண்டாவது வசனத்தை எழுத முடியாமல் திணறினால் கையில் தியரி இல்லை என்று அர்த்தம், திரும்பக் கொப்பிக்குப் போங்கள்.

நோக்கத்தைப் பெயரிடும்போது இன்னொன்றையும் பாருங்கள்: அதற்காக அவர் எதை விலையாகக் கொடுத்தார்? இட்டாச்சி தன் பெயரைக் கொடுத்தார், துரோகி என்ற பட்டத்தோடேயே செத்தார். ஷாங்க்ஸ் லூஃபியைக் கடல் அரக்கனிடமிருந்து காப்பாற்ற இடது கையைக் கொடுத்தார். எதையும் இழக்காத பாத்திரத்துக்குப் பெரிய நோக்கம் ஒன்றை நீங்கள் ஒட்டினால் அது ஒட்டாது.

நண்பர்களிடம் சொல்லும்போது, எதிரில் இருப்பவர் எதுவரை பார்த்திருக்கிறார் என்று முதலில் கேளுங்கள். அனிமே மட்டும் பார்ப்பவருக்கு மங்காவின் முடிச்சை அவிழ்த்துவிடுவது பெரிய அநியாயம்.

ஷாங்க்ஸ் பற்றி என் கொப்பியில் இப்போது இருப்பதையும் சொல்கிறேன். 434 ஆம் அத்தியாயத்தில் இன்னொரு பெரிய கடற்கொள்ளைத் தலைவரான வெண்தாடியிடம் போய், அவருடைய கப்பலிலிருந்து ஓடிய துரோகி பிளாக்பியர்டைத் துரத்தும் எய்ஸைத் (லூஃபியின் அண்ணன்) திருப்பிக் கூப்பிடச் சொல்கிறார். வெண்தாடியை அடிக்கப் புறப்பட்ட கைடோ என்ற இன்னொரு தலைவரை வழியில் மறித்து மோதுகிறார். மறுநாளே, வெண்தாடிக்கும் கடற்படைக்கும் போர் நடக்கும் மரின்ஃபோர்டுக்கு வந்து போரை நிறுத்துகிறார். அங்கே, தன் கண்ணில் தழும்பு போட்ட பிளாக்பியர்ட் முன்னால் நிற்கிறான், அடிக்கவில்லை. லூஃபி கிட்டத்தில்தான் இருக்கிறான், பெரிய கடற்கொள்ளையனான பிறகுதான் சந்திப்போம் என்ற வாக்கு இப்போது சந்தித்தால் பொய்த்துப்போகும் என்று விலகி நிற்கிறார், லூஃபியின் தொப்பியை அவனிடம் சேர்க்கும்படி பழைய கூட்டாளி பக்கியிடம் கொடுத்துவிடுகிறார். வன் பீஸ் என்ற புதையலை எடுக்கப் போவோம் என்று தன் துணைத்தலைவர் பென் பெக்மனிடம் சொல்வது 1054 இல்தான், லூஃபி கைடோவை வீழ்த்திய பிறகு. கடலின் நான்கு பேரரசர்கள் எனப்படும் கடற்கொள்ளைத் தலைவர்களில் ஒருவராக இத்தனை காலம் இருந்தவர் அதுவரை புறப்படவில்லை.

நடு நிரலை மேலிருந்து கீழே வாசித்தால் எனக்குத் தெரிவது இதுதான்: நேரத்துக்கு முன்னால் உலகம் கவிழாமல் பார்த்துக்கொண்டு, தன் முன்னால் வந்து நிற்கத் தகுதியான ஒருவனுக்காக அவர் காத்திருந்தார். கடைசியில் லூஃபிக்கு எதிராக நிற்பார், அவன் தாண்ட வேண்டிய ஆளாக.

என் தியரி பிழை என்றாகும் இடம்: 907 ஆம் அத்தியாயத்தில் உலக அரசின் தலைமையிடமான மேரி ஜியோய்ஸில், அந்த அரசை நடத்தும் ஐந்து மூத்தோரிடம் “ஒரு கடற்கொள்ளையனைப் பற்றிப் பேசவேண்டும்” என்ற ஷாங்க்ஸ், லூஃபியைக் காட்டிக்கொடுக்கத்தான் அங்கே போனார் என்று மங்கா காட்டினால் இந்தப் பக்கத்தைக் குறுக்காக வெட்டிவிடுவேன். ஷாம்ராக் வந்ததும், அன்று போனது ஷாங்க்ஸ்தானா என்று பலர் கேட்கத் தொடங்கினார்கள். அந்தக் கேள்வி என் கொப்பியில் பென்சிலில் இருக்கிறது.