ஓபன்ஜேபிஏ: என்டிட்டி கிளாஸ் என்ஹான்ஸ் ஆகாதபோது

ஓபன்ஜேபிஏ என்பது ஜாவா ஆப்ஜெக்ட்களை டேட்டாபேஸில் சேமிக்கும் நூலகம். அப்படிச் சேமிக்கப்படும் கிளாஸ்தான் என்டிட்டி. அதன் கம்பைல் ஆன கோப்பில், மாற்றங்களைக் கண்காணிக்கும் கோடைச் சேர்ப்பதே என்ஹான்ஸ். அது நடக்காவிட்டால், அப்ளிகேஷன் கிளம்பும்போதே, இன்னின்ன டைப்கள் பில்டின்போதும் என்ஹான்ஸ் ஆகவில்லை, ஜாவாஏஜென்ட் (கிளாஸ் லோடாகும்போதே அதை மாற்றும் துணை நிரல்) மூலமும் ஆகவில்லை என்று பட்டியல் போட்டு ஓபன்ஜேபிஏ நின்றுவிடும். உடனே செட்டிங்கில் கை வைக்க வேண்டாம். முதலில், உண்மையில் லோடாகிற கிளாஸ் கோப்பைப் பாருங்கள். டார்கெட் ஃபோல்டரில் உள்ளதைப் பார்த்துத் திருப்திப்பட்டால் போதாது. சர்வரில் ஏற்றும் தொகுப்பான வார் கோப்பைப் பிரித்து, உள்ளே இருக்கும் கிளாஸ் கோப்பை, அதன் மெத்தட்களைப் பட்டியலிடும் 'ஜாவாப்பி -பி' கட்டளையில் கொடுங்கள். பெர்சிஸ்டன்ஸ்கேப்பபிள் இன்டர்ஃபேஸும், 'பிசி' என்று தொடங்கும், நீங்கள் எழுதாத மெத்தட்களும் தெரிந்தால் அந்தக் கிளாஸ் சரி.

தெரியவில்லையா? பெரும்பாலும் குற்றவாளி, எக்லிப்ஸ் போன்ற ஐடிஇதான் (கோட் எழுதும் கருவி). பில்ட் கருவியான மேவன் என்ஹான்ஸ் செய்து வைத்த கோப்பின் மேலேயே, ஒரு வரி மாறியதும் எக்லிப்ஸ் புதிதாகக் கம்பைல் செய்து எழுதிவிடும். கமாண்ட் லைனில் ஓடுகிறது, ஐடிஇயில் ஓடவில்லை என்றால் இதையே சந்தேகியுங்கள். ரன் கான்ஃபிகரேஷனின் விஎம் ஆப்ஷனில் '-ஜாவாஏஜென்ட்:' என்று போட்டு ஓபன்ஜேபிஏ ஜாரின் முழுப் பாதையைக் கொடுத்தால் இந்தத் தொல்லை தீரும்.

பட்டியலில் ஓரிரு கிளாஸ்கள் மட்டும் இருந்தால், என்டிட்டிகளைப் பட்டியலிடும் பெர்சிஸ்டன்ஸ்.எக்ஸ்எம்எல்லைத் திறங்கள். என்டிட்டிகளை எழுதிவிட்டு, அவற்றின் மேப்டுசூப்பர்கிளாஸையும் (பொதுவான தாய் கிளாஸ்) எம்பெடபிளையும் (என்டிட்டிக்குள் பதியும் கிளாஸ்) விட்டுவிடுவது வழக்கமான தவறு. மேவன் பிளகினில் 'என்ஹான்ஸ்' கோல் (பிளகின் செய்யும் வேலை) பிராசஸ்-கிளாசஸ் கட்டத்தில் ஓடுகிறதா, இன்க்ளூட்ஸ் பேட்டர்ன் உங்கள் பேக்கேஜைத் தொடுகிறதா என்றும் பாருங்கள். டெஸ்ட் ஃபோல்டரில் உள்ள என்டிட்டிகளுக்கு 'டெஸ்ட்-என்ஹான்ஸ்' தனியாக வேண்டும்.

ஜாவா பதிப்பை உயர்த்திய பிறகு உடைந்ததென்றால் காரணம் வேறு. கிளாஸ் கோப்பின் மேஜர் எண் (கோப்பு வடிவத்தின் பதிப்பு எண்) ஜாவா 8-இல் 52, 11-இல் 55, 17-இல் 61. பழைய ஓபன்ஜேபிஏவில் உள்ள பைட்கோட் நூலகத்துக்கு (கம்பைல் ஆன கிளாஸைப் படித்து மாற்றுவது) புதிய எண் புரியாது. ஓபன்ஜேபிஏவையும் பிளகினையும் ஒரே புதிய பதிப்புக்கு ஏற்றுங்கள். இன்னொன்று: ஏஜென்ட் கொடுக்காவிட்டாலும் ஓபன்ஜேபிஏ தானாகவே, ஓடிக்கொண்டிருக்கும் ஜேவிஎம்முடன் (ஜாவாவை இயக்கும் மென்பொருள்) ஏஜென்ட்டை ஒட்டிப் பார்க்கும். ஜாவா 9 முதல் ஒரு ஜேவிஎம் தன்னோடு தானே ஒட்டிக்கொள்வது இயல்பாகவே தடை. ஜாவா 8-இல் யாரும் அறியாமல் நடந்துகொண்டிருந்த என்ஹான்ஸ்மென்ட் அதோடு நின்றுவிடும்.

ஓபன்ஜேபிஏவின் ரன்டைம்அன்என்ஹான்ஸ்டுகிளாசஸ் என்ற செட்டிங்கை 'சப்போர்டட்' என்று மாற்றினால் பிழை மறையும். அப்போது ரன்டைமில் சப்கிளாஸ் உருவாக்கிச் சமாளிக்கிறது. ஓபன்ஜேபிஏ 2.0 முதல் இதை இயல்பாக அணைத்தே வைத்திருக்கிறார்கள். புரொடக்ஷனுக்கு இதை நம்பாதீர்கள்.

எல்லாம் சரியாக என்ஹான்ஸ் ஆகியும் மாற்றம் டேட்டாபேஸுக்குப் போகவில்லையா? பப்ளிக் ஃபீல்டை வேறொரு கிளாஸ் நேரடியாகத் தொடுகிறதா என்று தேடுங்கள். அந்தக் கிளாஸ் என்ஹான்ஸ் ஆகாததால் அது எழுதுவது ஓபன்ஜேபிஏ கண்ணில் படாது. ஃபீல்டை பிரைவேட் ஆக்கி, செட்டர் வழியாக எழுதுங்கள்.