ஒடியல் மாப் பிட்டு: முதலில் கசப்பைக் கழுவுங்கள்

எங்கள் தோட்டத்தில் வெங்காயம் விளையும். விளைந்தது லொறியில் ஏறிவிடும். வீட்டுக்கு மிஞ்சுவது கோதுமை மா ரொட்டியும் சம்பலும்தான். 2022இல் இலங்கையில் மா விலை எகிறியபோதுதான் அம்மா வேலியோரப் பனையை நிமிர்ந்து பார்த்தார்.

பனங்கிழங்கைப் பச்சையாகப் பிளந்து காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். பிட்டுக்கு முதலாவதன் மா வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

ஒரு சுண்டு (சிறிய அளவுப் பேணி) மாவை அகன்ற சட்டியில் போட்டு, நாலு சுண்டு தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். அரை மணி நேரம் அசைக்காதீர்கள். மா அடியில் படிய, மேலே மஞ்சள் தண்ணீர் நிற்கும். அதைச் சரித்து ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள். குறைந்தது இரண்டு தடவை. முதல் நாள் எனக்குப் பொறுமை இல்லை. கலக்கிய கையோடு பிழிந்துவிட்டேன். அப்பா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் தண்ணீர்ச் செம்பை எடுத்தார். இது கசப்புக்காக மட்டும் செய்கிற வேலையன்று. கழுவாத, வேகாத ஒடியல் மா உடம்புக்கு ஆகாது.

பிறகு பழைய வேட்டித் துண்டில் கட்டி முறுக்கிப் பிழியுங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும்.

இந்த மாவில் மாச்சத்தும் நார்ச்சத்தும்தான் அதிகம். ஆகவே ஒரு பிடி நெத்தலிக் கருவாடு (தலையைக் கிள்ளிக் கழுவியது), இரண்டு பிடி முருங்கை இலை, வெங்காயம், பச்சை மிளகாய், அரைமூடித் தேங்காய்ப்பூ சேர்த்துப் பிசறுங்கள். நெத்தலியை முள்ளோடு தின்றால் புரதமும் கல்சியமும் கிடைக்கும். கீரையிலுள்ள விற்றமின் ஏ உடம்பில் சேரத் தேங்காயின் கொழுப்பு உதவும். மருந்தடித்த பாத்திக் கீரை வேண்டாம். வேலி முருங்கை போதும். உப்பைக் கடைசியில் பாருங்கள், கருவாட்டிலேயே இருக்கிறது.

நீத்துப்பெட்டியில் (பிட்டு அவிக்கும் ஓலைப்பெட்டி) ஆவி நன்றாக வந்தபின் இருபது நிமிடம் அவியுங்கள். அலுமினியக் குழலில் அவித்தால் ஈரம் தேங்கிக் களியாகிறது, ஓலைப்பெட்டிக்கு நிகரில்லை.

சாப்பிடும்போது தேசிக்காய் (எலுமிச்சை) பிழியுங்கள், கீரையின் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அது கெட்டுவிடும். ஒரு மணி நேரம் பொறுக்கச் சொன்னால் அப்பாவுக்கு இன்றுவரை கோபம் வருகிறது.

பிற்சேர்க்கை: கழித்த தண்ணீரை ஆட்டுக்கு வைக்கலாமா என்று மானிப்பாயிலிருந்து ஓர் அக்கா கேட்டிருந்தார். வேண்டாம் அக்கா. நான் வாழையடியில் ஊற்றுகிறேன்.