செயற்கைக்கோளை வைத்து இடம் குறிக்கிறீர்களா? தவறு பெரும்பாலும் தரையில்தான்

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றின் கடிகாரம் ஒரு மைக்ரோ விநாடி பிசகினாலே தூரக் கணக்கில் 300 மீட்டர் பிசகிவிடும் என்பதால், தரையிலிருந்து ஓயாமல் கண்காணித்துத் திருத்துகிறார்கள். நிலம் அளக்கும் நம் ட்ரைபாடையும் (கருவியைத் தாங்கும் முக்காலி) நோட்டையும் அப்படி யாரும் கண்காணிப்பதில்லை. சொதப்பல் அங்கேதான்.

அதிகம் பேர் சறுக்குவது உயரத்தில். செயற்கைக்கோள் சிக்னலை வாங்கும் கருவியான ரிசீவர் கணக்கிடுவது, எலிப்சாய்டு என்ற, பூமியை ஒத்த வழவழப்பான கணித வடிவத்துக்கு மேலே உள்ள உயரம். கடல்மட்டத்தை ஒட்டிப் போவது ஜியாய்டு. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி இடத்துக்கு இடம் மாறும். இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஜியாய்டு 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்து கிடக்கிறது. அங்கே கப்பல் தளத்தில் ரிசீவரை வைத்தால் எலிப்சாய்டு உயரம் மைனஸில் வரும். கருவி பழுது என்று பதற வேண்டாம். சில கருவிகள் ஜியாய்டு திருத்தத்தை உள்ளேயே செய்துவிட்டுத்தான் எண்ணைக் காட்டும். அது தெரியாமல் நாமும் ஒருமுறை திருத்தினால், போச்சு.

அடுத்தது ஆன்டெனா உயரம். டேப்பைத் தரைப்புள்ளியில் வைத்து ஆன்டெனா விளிம்புவரை சாய்வாக 1.50 மீட்டர் அளக்கிறீர்கள். மையத்திலிருந்து விளிம்பு 17 சென்டிமீட்டர் என்றால் செங்குத்து உயரம் 1.49 மீட்டர்தான். சாய்வளவைச் செங்குத்து என்று பதிந்தால் ஒரு சென்டிமீட்டர் பிழை. மற்ற புள்ளிகளுக்கு ஆதாரமாக ஓரிடத்தில் நிறுத்தி வைக்கும் ரிசீவரில், அதாவது பேஸ் ஸ்டேஷனில், இப்படி நடந்தால் அன்றைய புள்ளிகள் அத்தனையிலும் அதே பிழை ஒட்டிக்கொள்ளும், எல்லாம் ஒன்றுக்கொன்று அழகாகப் பொருந்தியும் இருக்கும். அதனால்தான் கண்டுபிடிப்பது கஷ்டம். வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் அளந்து, சாய்வா செங்குத்தா என்று எழுதி வையுங்கள்.

திரையில் ‘ஃபிக்ஸ்டு’ என்று, அதாவது செயற்கைக்கோள் வரை உள்ள முழு அலைகளின் எண்ணிக்கை முடிவாகிவிட்டது என்று, வந்ததும் நம்பிவிடுவதும் ஆபத்து. ஜிபிஎஸ் அனுப்பும் சிக்னல்களில் ஒன்றான எல்1-இன் அலைநீளம் சுமார் 19 சென்டிமீட்டர். சில சமயம் ரிசீவர் அந்த எண்ணிக்கையைத் தப்பாகப் பிடித்துக்கொண்டு, துல்லியம் ஒரு சென்டிமீட்டர் என்று கூசாமல் காட்டும். சுவரும் தகரக்கூரையும் பக்கத்தில் இருந்தால், தெறித்து வரும் சிக்னலால் இது இன்னும் எளிதாக நடக்கும். சரி, மறுநாள் வந்து சரிபார்க்கலாம் என்கிறீர்களா? அதே நேரத்துக்கு வராதீர்கள். ஜிபிஎஸ் கோள்கள் ஏறத்தாழ 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்புகின்றன. அதே சுவரில் பட்டு அதே பிழை மறுபடி வரும். ஓரிரு மணி நேரம் தள்ளி வாருங்கள்.

டேட்டம் (எந்த அடிப்படையிலிருந்து அளந்தோம் என்று சொல்லும் ஆதார அமைப்பு) பெயரை எழுதாத அட்சரேகையும் தீர்க்கரேகையும் அரைகுறை விவரம்தான். பழைய வரைபடத்தோடு ஒப்பிட்டால் நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளிப்போகலாம். அப்புறம், 10 டிகிரி 30 நிமிடத்தை 10.30 டிகிரி என்று தட்டாதீர்கள். அது 10.5 டிகிரி. அட்சரேகையில் இப்படித் தட்டினால் புள்ளி 22 கிலோமீட்டர் தள்ளி விழும்.