பழைய போர்ப் படத்தில் இருக்கும் வீரர் யார்? தேடும் முறை

பெயர் தெரியாத சிப்பாயின் படம் கையில் கிடைத்ததும் எல்லோரும் முதலில் முகத்தைத்தான் பார்க்கிறோம். தேடலில் அது கடைசியாக வரட்டும். முதலில் காலம், அடுத்து படைப்பிரிவு, அதன் பிறகு பெயர். இந்த வரிசையில் போனால்தான் தப்பான ஆளிடம் போய் நிற்க மாட்டோம். இங்கே முதல் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் படை உதாரணங்களைத் தருகிறேன். மற்ற நாட்டுப் படங்களுக்கும் வழி இதேதான்.

1. ஸ்கேன் செய்யுங்கள்

600 டிபிஐ (ஸ்கேனின் நுணுக்க அளவு), முன்பக்கம் பின்பக்கம் இரண்டும். கறுப்பு வெள்ளைப் படமானாலும் கலரிலேயே எடுங்கள். மங்கிப்போன பென்சில் எழுத்து அதில்தான் தெரியும்.

2. பின்பக்கத்தைப் படியுங்கள்

ஸ்டூடியோ முத்திரை இருந்தால் ஊர் தெரியும். ஆனால் அது அவருடைய சொந்த ஊராக இருக்க வேண்டியதில்லை. பயிற்சி முகாமுக்குப் பக்கத்து ஊரில் படம் எடுத்துக்கொண்டவர்கள் ஏராளம். 1915ஆம் ஆண்டுப் படத்தில் பால்பாயின்ட் பேனாவால் பெயர் எழுதியிருந்தால், அது பல வருடம் கழித்து யாரோ எழுதியது. துப்பாக வைத்துக்கொள்ளலாம், சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது.

3. சீருடையைப் பாருங்கள்

உங்கள் நேரத்தில் பெரும்பகுதி இங்கே போகட்டும். தொப்பிச் சின்னமும் தோள்பட்டையில் உள்ள உலோக எழுத்துகளும் ரெஜிமென்டை, அதாவது படைப்பிரிவைச் சொல்லும். சட்டைக் கையில் காலமே எழுதியிருக்கும். இடது முன்கையில் நிமிர்ந்து நிற்கும் பித்தளைக் கோடு, போரில் காயம்பட்டதற்கான அடையாளம், 1916இல் வந்தது. வலது முன்கையில் சிறிய 'வி' வடிவப் பட்டைகள் வெளிநாட்டுச் சேவைக்கு உரியவை. 1918 தொடக்கத்தில்தான் வந்தன. அவை இருந்தால் படம் அதற்கு முந்தையதாக இருக்க வாய்ப்பே இல்லை.

பதக்க நாடாவின் நிறத்தை ஊகிக்கும்போது கவனம் தேவை. அந்தக் காலத்துப் பிலிம் பலவற்றில் சிவப்பு கறுப்பாகவும், நீலம் வெளுப்பாகவும் விழும். அப்புறம், 19ஆம் நூற்றாண்டின் தகரத்தட்டுப் படம் என்றால் இடம் வலம் மாறியிருக்கும். பெல்ட்டில் உள்ள எழுத்தைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

4. ஆவணங்களில் தேடுங்கள்

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியல் இலவசம். ஆனால் அதில் இறந்தவர்கள் மட்டுமே இருப்பார்கள். போருக்குப் போனவர்களில் பெரும்பாலோர் உயிரோடு திரும்பியவர்கள் என்பதால், லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தின் பதக்க அட்டைகளையும் (யாருக்கு என்ன பதக்கம் என்ற பதிவு) பாருங்கள். கைதியாக இருந்திருக்கலாம் என்று தோன்றினால் செஞ்சிலுவைச் சங்கத்தின் கைதி அட்டைகளும் இணையத்தில் உண்டு. சிப்பாய்களின் சேவைக் கோப்புகளில் பெரும்பகுதி 1940 குண்டுவீச்சில் எரிந்துபோனது. அதனால் கோப்பு கிடைக்கவில்லை என்பதை வைத்து, அவர் படையில் இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

5. இப்போது முகம்

சரி, இரண்டு மூன்று பெயர்கள் மிஞ்சிவிட்டன. பெயர் உறுதியான வேறு படங்களோடு ஒப்பிடுங்கள். மீசை, எடை, தலைமுடி எல்லாம் மாறும். காதின் வடிவம் அவ்வளவாக மாறாது. முகம் அறியும் மென்பொருள் காட்டும் பெயரை ஒரு யோசனையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணன் தம்பி ஒரே ரெஜிமென்டில் இருந்தது சகஜம்.

6. எழுதி வையுங்கள்

பெயரோடு, எந்த ஆதாரத்தால் அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்பதையும் தனித்தாளில் குறியுங்கள். 'உறுதி', 'இருக்கலாம்' என்று பிரித்தே எழுதுங்கள். தவறான பெயரை ஒட்டினால் ஒருவர் குடும்பத்தில் இல்லாத ஒரு தாத்தா நுழைகிறார். உண்மையான ஆள் இன்னொரு முறை காணாமல் போகிறார்.