முதல் முறை அக்குபங்சர் ஊசி சிகிச்சைக்குப் போகிறீர்களா?

வெறும் வயிற்றோடு போகாதீர்கள், தலைசுற்றும். ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி போதும். சீன முறையில் நாடியோடு நாக்கையும் பார்ப்பார்கள். அதனால் அன்று நாக்கு வழிக்க வேண்டாம், காபியும் வேண்டாம். ஊசி ரத்தம் எடுக்கும் ஊசியைவிட மிக மெல்லியது, பெரும்பாலும் 0.25 மில்லிமீட்டர்தான். 20, 30 நிமிடம் அப்படியே வைத்திருப்பார்கள்.

முக்கியமானது இதுதான்: புது ஊசி உறையை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சமே வேண்டாம், ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போடக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், மூலிகைப் பொடி தந்தால் அதில் என்னென்ன இருக்கிறது என்று எழுதி வாங்குங்கள். அதில் அரிஸ்டோலோக்கியா இனச் செடிகள் (நம்ம ஊர் ஆடுதீண்டாப்பாளை வகை) இருந்தால் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள்.