அம்மாவின் குதிகால்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் அம்மா பக்கவாதத்தில் படுத்த படுக்கை. குதிகாலில் ஒரு சிவப்பு. விரலால் அழுத்தினாலும் வெளுக்கவில்லை. படுக்கைப்புண் தொடங்குவதன் அடையாளம் அது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவி நடந்த காலாச்சே, தைலம் தேய்த்தால் போதும் என்றார் அத்தை. வீட்டுக்கு வந்த அரசாங்க கிளினிக் மிஸ்ஸி (நர்ஸ்), தேய்க்கவே கூடாது, உள்சதை கெடும் என்றார்.

கெண்டைக்காலுக்கு அடியில் நீளவாக்கில் தலையணை வைத்தோம். குதிகால் மெத்தையில் படக்கூடாது. அடியில் ஒரு தாள் தாராளமாக நுழைய வேண்டும். அப்புறம் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டல். 30 டிகிரி சாய்த்தால் போதும், இடுப்பெலும்பில் பாரம் இறங்காது. இழுத்தால் தோல் உரியும் என்பதால், மடித்த பத்தேக் கைலியை அடியில் விரித்து ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்குகிறோம். காற்று மெத்தை வந்த பிறகும் புரட்டலை விடவில்லை.

சிவப்பு மறைந்துவிட்டது. ராத்திரி முறை தம்பிக்கு. அலாரம் அடித்தால் அவனை எழுப்புவது அம்மாதான்.