பெடிகிரியை (வம்சாவளியை) வைத்து ரேஸ் குதிரையின் தூரத்தைக் கணிப்பது எப்படி? (செக்ரட்டேரியட்டை வைத்து ஒரு கணக்கு)

அப்பா பெயரை மட்டும் பார்த்துவிட்டு "இது வேகக் குதிரை, தூரம் தாங்காது" என்று சொல்லிவிடுகிறவர்கள் நிறைய. 1973-இல் செக்ரட்டேரியட் என்ற அமெரிக்கக் குதிரையையும் அப்படித்தான் சந்தேகப்பட்டார்கள், அப்பா போல்ட் ரூலர் என்பதால். அது 12 ஃபர்லாங் (சுமார் 2.4 கி.மீ.) பெல்மான்ட் ஸ்டேக்ஸ் பந்தயத்தை 2 நிமிடம் 24 விநாடியில், 31 லெங்த் (ஒரு லெங்த் என்பது ஒரு குதிரையின் நீளம்) முன்னால் ஓடி முடித்தது. இதே குதிரைக்கு டோசேஜ் கணக்கு, அதாவது முன்னோர்களுக்குப் புள்ளி கொடுத்துத் தூரத்தைக் கணிக்கும் கணக்கு, போட்டுப் பார்ப்போம்.

முதலில் நான்கு தலைமுறை பெடிகிரி வேண்டும். பெடிகிரி குவரி தளத்தில் எடுத்துக்கொள்ளலாம். ஆன்லைன் கால்குலேட்டர் வேண்டாம், எக்செல்லில் நீங்களே போடுங்கள். எந்தத் தாத்தாவால் எண் ஏறுகிறது, எவரால் இறங்குகிறது என்று அப்போதுதான் பிடிபடும்.

ஆண் குதிரைகள் மட்டும்தான் கணக்கு: 1, 2, 4, 8 என்று மொத்தம் 15. அம்மா பக்கத்து ஆண்களும் இதில் சேர்த்தி. அப்பாவுக்கு 16 புள்ளி, அடுத்தடுத்த தலைமுறையில் தலைக்கு 8, 4, 2. ஆனால் 'செஃப்-டி-ராஸ்' (தன் குணத்தை வம்சத்துக்குக் கடத்திய ஆண் குதிரைகள்) பட்டியலில் இருக்கிற குதிரைக்குத்தான் புள்ளி, மற்றவற்றுக்குப் பூஜ்யம். பட்டியலில் ஐந்து வகை, வேகத்திலிருந்து தாக்குப்பிடிக்கும் திறன் வரை: பிரில்லியன்ட், இன்டர்மீடியட், கிளாசிக், சாலிட், புரொஃபஷனல்.

போல்ட் ரூலர்: பிரில்லியன்ட் 8, இன்டர்மீடியட் 8
நஸ்ருல்லா: பிரில்லியன்ட் 8
பிரின்ஸ்குவில்லோ: இன்டர்மீடியட் 4, சாலிட் 4
நியார்கோ: பிரில்லியன்ட் 2, கிளாசிக் 2
டிஸ்கவரி: சாலிட் 4
பிரின்ஸ் ரோஸ்: கிளாசிக் 4
ஃபாரோஸ்: இன்டர்மீடியட் 2
பாம்பி: பிரில்லியன்ட் 2
ப்ளென்ஹைம்: கிளாசிக் 1, சாலிட் 1

கூட்டினால் 20-14-7-9-0, மொத்தம் 50.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். சில குதிரைகள் இரண்டு வகையில் இருக்கும், அவற்றின் புள்ளியைச் சரிபாதியாகப் பிரிக்க வேண்டும். போல்ட் ரூலரின் 16-ஐயும் பிரில்லியன்டிலேயே போட்டுவிட்டால் டோசேஜ் இன்டெக்ஸ் (கணக்கின் முடிவில் வரும் எண்) மாறாது, ஏனென்றால் அந்த இரண்டு வகையும் சூத்திரத்தில் ஒரே பக்கம்தான், அதனால் தப்பு நடந்ததே தெரியாது. பிரின்ஸ்குவில்லோவின் எட்டையும் இன்டர்மீடியட்டில் போட்டால் கதையே வேறு, 3.00 வர வேண்டிய இடத்தில் 4.88 வந்து நிற்கும்.

சூத்திரம் சுலபம். பிரில்லியன்ட், இன்டர்மீடியட், கிளாசிக்கில் பாதி, இவற்றைக் கூட்டி, கிளாசிக்கின் மறுபாதி, சாலிட், புரொஃபஷனல் மூன்றின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும்: 37.5 / 12.5 = 3.00. எண் குறையக் குறைய தூரம் தாங்கும். கென்டக்கி டெர்பிக்கு (10 ஃபர்லாங்) 4.00-ஐத் தாண்டக்கூடாது என்பது பழைய கணக்கு.

அம்மா பக்கத்தை அழித்துவிட்டு அப்பா பக்கத்தை மட்டும் போட்டுப் பாருங்கள். 31.5 / 6.5, அதாவது 4.85. சந்தேகப்பட்டவர்கள் பார்த்தது இந்தப் பாதியை மட்டும்தான். அம்மா பக்கத்தில் புள்ளி பெற்றவை அம்மாவின் அப்பா பிரின்ஸ்குவில்லோவும் அதன் அப்பா பிரின்ஸ் ரோஸும் மட்டுமே, அந்த இரண்டே குதிரைகள் எண்ணை 3.00-க்கு இறக்கிவிட்டன. அதனால் அம்மாவின் அப்பா யாரென்று பார்க்காமல் தூரத்தைப் பற்றி வாயே திறக்காதீர்கள் என்பேன்.

பின்சேர்க்கை: "4.00-க்கு மேல் உள்ள குதிரை ஜெயித்ததே இல்லையா?" என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஜெயித்திருக்கிறது. 1991 டெர்பியை வென்ற ஸ்ட்ரைக் தி கோல்டுக்கு அப்போது 9.00. அதன் அப்பா அலிடார் அன்று பட்டியலிலேயே இல்லை, அதனால் 16 புள்ளி இடம் காலி. பிறகு அலிடாரைச் சேர்த்ததும் எண் 4-க்குக் கீழே வந்துவிட்டது. ஆக, மொத்தப் புள்ளி ரொம்பக் குறைவாக வந்தால் இன்டெக்ஸை நம்பாதீர்கள். அந்த மாதிரிக் குதிரைக்கு அப்பாவின் மற்ற பிள்ளைகள் சராசரியாக எந்தத் தூரத்தில் ஜெயிக்கின்றன என்று பாருங்கள், அப்புறம் அதே அம்மாவுக்குப் பிறந்த குதிரைகள் எந்தத் தூரத்தில் ஓடின என்று பாருங்கள்.